ஐந்தாம் வகுப்பில் ‘மாறி’: பெட்டியா, பழமா, கொட்டானா, பூக்கல்லா?

ஆறாம் வகுப்பு முதல் பருவத்திலேயே இயற்கணித அறிமுகம் வந்துவிடுகிறது. அதுவரை எண்களோடு மட்டும் பழகிய பிள்ளை, கணக்குக்கு நடுவில் எக்ஸைப் பார்த்ததும் திகைத்து நிற்கிறது. நிறையப் பிள்ளைகளுக்குக் கணக்கின் மேல் பயம் வருவது அங்கேதான். அதனால் நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே இதற்கு அடித்தளம் போட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காரைக்குடிப் பக்கத்தில் இந்த வகுப்புகளுக்குத்தான் கணக்கு எடுக்கிறேன்.

அடித்தளம் போட வழிகள் பல இருக்கின்றன. அவற்றை எடைபோட நான் வைத்திருப்பது ஒரே கேள்வி. எழுத்தோ பெட்டியோ இருக்கும் இடத்தில் இப்போது 3 வரலாம், அடுத்து 10 வரலாம், அப்போதும் கணக்கு நிற்கும் என்பது பிள்ளைக்குப் பிடிபடுகிறதா? பிடிபட்டால் அது மாறி. இல்லையென்றால் அது விடை ஒளிந்திருக்கும் இடம், அவ்வளவுதான்.

காலிப் பெட்டி

□ + 5 = 12. ஒன்றாம் வகுப்பிலிருந்தே எல்லாப் பிள்ளைகளுக்கும் பழகிய உருவம். புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டாம், பயமும் இல்லை. பெட்டியின் பெரிய பலம் இதுதான்.

ஆனால் பெட்டியைப் பார்த்தாலே “விடையை இங்கே எழுது” என்று பிள்ளை பழகிவிடுகிறது. 8 + 4 = □ + 5 என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். பெட்டிக்குள் 12 என்று எழுதும் கைகள்தான் அதிகம். அமெரிக்காவில் இதே கேள்வியைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டு 1999-ல் வெளியிட்ட ஆய்விலும் பெரும்பாலான விடைகள் 12 அல்லது 17 தான். சரியான விடை 7. சமக்குறி என்றால் இரண்டு பக்கமும் சமம் என்று அந்தப் பிள்ளைகள் படிக்கவில்லை, “இதோ விடை” என்று படித்திருக்கிறார்கள். இந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் எந்த வழியில் மாறியைக் கொண்டுவந்தாலும் அது நிற்காது.

பெட்டியை மாறியாக்கவும் ஒரு வழி உண்டு. □ + △ = 10 என்று கொடுத்து, எத்தனை ஜோடி கிடைக்கிறது என்று பட்டியல் போடச் சொல்லலாம். பெட்டியில் 1 கூடினால் முக்கோணத்தில் 1 குறைவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். பெட்டியைப் பயன்படுத்துவதென்றால் இந்த அளவுக்காவது கொண்டுபோக வேண்டும்.

பழத்துக்கு முதல் எழுத்து

3 மாம்பழம், 2 வாழைப்பழம். மாம்பழத்துக்கு ‘மா’, வாழைப்பழத்துக்கு ‘வா’. ஆக 3மா + 2வா. டியூஷன்களில் அதிகம் புழங்குவது இதுதான். மாவையும் வாவையும் ஏன் சேர்த்து 5 ஆக்கக் கூடாது என்பது ஒரு நொடியில் விளங்கிவிடுவதால் ஆசிரியர்களுக்கும் பிடிக்கிறது.

என் கணிப்பில் விட்டுவிட வேண்டிய வழி இது ஒன்றுதான். இங்கே எழுத்து பொருளின் பெயராகிவிடுகிறது, எண்ணாக இருப்பதில்லை. “மா = 10 என்றால்?” என்று கேட்டால் பிள்ளை விழிக்கிறது. மாம்பழம் எப்படிப் பத்தாகும்?

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் கூடவே வரும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. “ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுது” என்று அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் தப்பாக எழுதினார்கள், அதிலும் பெரும்பாலோர் 6 × மாணவர் = பேராசிரியர் என்று தலைகீழாக எழுதியிருந்தார்கள். எழுத்தை ஆளின் பெயராகப் படித்தால் அப்படித்தான் வரும். மாணவர் எண்ணிக்கை என்று படித்திருந்தால், சின்ன எண்ணை அல்லவா ஆறால் பெருக்க வேண்டும் என்று கை நின்றிருக்கும்.

சொற்களின் முதல் எழுத்தை எடுத்தாள்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1150-ல் பீஜகணிதம் என்ற இயற்கணித நூலை எழுதிய பாஸ்கரர், தெரியாத எண்களுக்கு யா, கா, நீ, பீ என்றுதான் குறித்தார். யா என்பது ‘யாவத்-தாவத்’, அதாவது ‘எவ்வளவோ அவ்வளவு’ என்பதன் முதல் எழுத்து. மற்றவை காலக, நீலக, பீதக என்று கறுப்பு, நீலம், மஞ்சள் நிறப் பெயர்களின் முதல் எழுத்துகள். கணக்கில் வரும் பொருளுக்கும் அந்த நிறத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அதனால் குழப்பமும் இல்லை.

கவிழ்த்த கொட்டான்

கொட்டான் என்பது நம் பக்கத்தில் ஓலையில் முடையும் சின்னக் கூடை. ஐந்தாறு, ஒரே அளவில் வேண்டும். புளியங்கொட்டை ஒரு கை. வேறு செலவே இல்லை.

தரையில் சாக்பீஸால் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் இரண்டு கொட்டானைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் 3 கொட்டை. வலப்பக்கம் 11 கொட்டை. இரண்டு பக்கமும் சமம், இரண்டு கொட்டானுக்குள்ளும் ஒரே அளவு கொட்டை என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் மும்மூன்று கொட்டையை எடுத்து ஓரமாக வைப்பது அவர்களுக்கே தோன்றும். இரண்டு கொட்டானுக்கு எட்டு, ஒன்றுக்கு நாலு. திறந்து பார்த்துச் சரிபார்க்கும் சந்தோஷம் தனி. சமக்குறிக் கோளாறுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

இதுவரை கொட்டானுக்குள் இருந்தது ஒரே ஒரு விடை. பெட்டி செய்த வேலையையே இதுவும் செய்கிறது. அப்புறம்தான் விளையாட்டை மாற்ற வேண்டும். “ஆளுக்கு ஒரு எண்ணை மனசுக்குள் நினைச்சுக்கோங்க. ரெண்டால் பெருக்குங்க. பத்து கூட்டுங்க. பாதியாக்குங்க. நினைச்ச எண்ணைக் கழிங்க.” வகுப்பு முழுக்க ஒரே குரலில் “அஞ்சு!” ஆளுக்கொரு எண் நினைத்தும் எல்லோருக்கும் எப்படி அஞ்சு? இதைத் தரையில் அடுக்கிக் காட்டலாம். நினைத்த எண் ஒரு கொட்டான். இரண்டால் பெருக்கினால் இரண்டு கொட்டான். பத்து கூட்டினால் இரண்டு கொட்டானும் 10 கொட்டையும். பாதியாக்கினால் ஒரு கொட்டானும் 5 கொட்டையும். கொட்டானை எடுத்துவிட்டால் மிச்சம் 5. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய தேவையும் வரவில்லை. கொட்டான் அந்த இடத்தில் மாறியாகிவிடுகிறது.

குறையும் உண்டு. கழித்தலைக் கொட்டானில் காட்டுவது கஷ்டம். ‘கொட்டானில் 3 குறைவு’ என்பதைத் தரையில் எப்படி வைப்பது? பின்னமும் அப்படித்தான். கூட்டல், பெருக்கல், பாதியாக்குதல் வரை கொட்டான் தாங்கும்.

பூக்கல் பார்டர்

செட்டிநாட்டில் பிள்ளைகளின் காலடியிலேயே இந்தப் பாடம் கிடக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நடுவில் சிவப்புக் கல் சதுரம், சுற்றி ஒரு வரிசை பூக்கல், அதாவது பூ வேலைப்பாடு போட்ட கல். உள்ளே பக்கத்துக்கு 3 சிவப்புக் கல் என்றால் சுற்றிலும் எத்தனை பூக்கல்?

முதலில் வரும் விடை பெரும்பாலும் 20. வெளிப்பக்கம் 5, நாலு பக்கம், நாலஞ்சு இருபது. கட்டம் போட்ட தாளில் எண்ணிப் பார்த்தால் 16 தான் வருகிறது. “சார், மூலைக்கல்லு ரெண்டு தடவ வந்துருச்சு” என்று ஒரு பிள்ளை சொல்லும் வரை நான் வாயைத் திறப்பதில்லை. அப்புறம் “எத்தனை?” என்று கேட்காமல் “எப்படி எண்ணினே?” என்று கேட்க வேண்டும். ஒரு பிள்ளை நாலு பக்கத்துக்கும் மும்மூன்று வைத்து, மூலைக்கு நாலு சேர்க்கும். இன்னொன்று ஒரு மூலையில் தொடங்கி அடுத்த மூலைக்கு முந்தின கல்லில் நிறுத்தி, நாலு நாலாக நாலு முறை எண்ணும். மேல் வரிசை 5, கீழ் வரிசை 5, பக்கங்களில் 3, 3 என்பது ஒரு வகை. மொத்தத் தரை 25, உள்ளே 9 போக மிச்சம் 16 என்று எண்ணும் பிள்ளையும் உண்டு.

அடுத்து 10, அதன்பின் 6 என்று வரிசை மாற்றிக் கொடுக்க வேண்டும். 1, 2, 3 என்று வரிசையாகக் கொடுத்தால் 8, 12, 16 வரும், பிள்ளை “நாலு நாலா கூடுது” என்பதோடு நின்றுவிடும். அது உண்மைதான். ஆனால் பக்கத்துக்கு 100 கல் என்றால் அந்த வழி முட்டிக்கொள்ளும். நூறு கல்லை வரைய முடியாது, ஆகவே தன் எண்ணும் முறையைத்தான் பிள்ளை நம்பியாக வேண்டும். நாலு நூறு, மூலைக்கு நாலு, 404.

கடைசிக் கேள்வி: “வீட்டுக்காரர் உள்ளே எத்தனை கல் என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. கொத்தனார் பூக்கல் கணக்கு இப்போதே கேட்கிறார். என்ன சொல்லிவிடுவாய்?” இதற்குப் பிள்ளைகள் சொல்லும் பதில் நீளமாக இருக்கும்: “உள்ளே ஒரு பக்கத்துல எத்தனை கல்லோ அதை நாலால பெருக்கி, நாலு கூட்டிக்கங்க.” இது முழு இயற்கணிதக் கோவை. எழுத்து மட்டும்தான் இல்லை. இதைப் பலகையில் நாலைந்து முறை முழுசாக எழுதினால் கை வலிக்கும், அப்போது “சுருக்கமா ஒரு எழுத்து போட்டுக்கலாமா?” என்று கேட்டால் போதும். 4 × ம + 4 என்று ஒருவரும், 4 × (ம + 1) என்று இன்னொருவரும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றா என்று ம-வுக்கு எண்களைப் போட்டு அவர்களே சோதித்துப் பார்ப்பார்கள். ஆறாம், ஏழாம் வகுப்பில் வரப்போவதற்கு இதைவிட நல்ல முன்னோட்டம் கிடையாது.

(எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது க, உ, எ, அ வேண்டாம். வீட்டில் பழைய வட்டிக்கணக்கு நோட்டுகளைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு அவை 1, 2, 7, 8.)

இந்த வழிக்கு நேரம் நிறைய வேண்டும். ஒரே பீரியடில் முடிக்கப் பார்த்தால் ஆசிரியரே விதியைச் சொல்லிவிடுவார், பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வார்கள், பயன் போய்விடும். கூட்டம் அதிகமான வகுப்பில் ஒவ்வொரு குழுவும் எப்படி எண்ணியது என்று கேட்பதும் சிரமம்தான்.

எண்ணைப் போட்டால் வேறு எண் வரும் ‘இயந்திரம்’ விளையாட்டையும் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். வாய்ப்பாட்டுப் பயிற்சிக்கு நல்லது. ஆனால் விதி என்ன என்று ஊகிப்பதிலேயே பிள்ளையின் கவனம் போகிறது, அந்த விதி ஏன் அப்படி என்று கேட்க அதில் எதுவும் இல்லை. ரஷ்யாவில் உளவியலாளர் தாவிதோவ் வகுத்த பாடத்திட்டத்தில் முதல் வகுப்பிலேயே, எண்ணுக்கு முன்னால், நீளத்தையும் கொள்ளளவையும் எழுத்தால் ஒப்பிடுகிறார்கள். ஆழமான வழிதான், ஆனால் முதல் வகுப்பிலிருந்தே மொத்தப் பாடத்திட்டத்தையும் மாற்றினால்தான் அது ஆகும்.

என் தேர்வு, நான்காம் வகுப்பில் கொட்டான், ஐந்தாம் வகுப்பில் பூக்கல். பெட்டி ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது, அதை 8 + 4 = □ + 5 மாதிரிக் கணக்குகளுக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பூக்கல்லை எடுப்பேன். கொட்டானில் மாறியை ஆசிரியர் கொண்டுவந்து வைக்கிறார், பூக்கல்லில் அதைப் பிள்ளையே கேட்டு வாங்குகிறது.

வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். “அந்தப் பக்கம் போனால் மைனஸ்” என்ற விதியை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போதே சொல்லிவிடாதீர்கள். அது தெரிந்த பிள்ளை வேகமாக விடை எழுதும், ஆனால் ஏன் மைனஸ் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு பக்கத்திலிருந்தும் மும்மூன்று கொட்டையை எடுத்துப் பழகட்டும். அந்த விதி அதற்குள்தான் இருக்கிறது.