வானிலையா, கடலா, சுற்றுச்சூழலா: பி.எஸ்ஸி. இயற்பியலுக்குப் பிறகு

பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, பி.எட். வேண்டாம், வங்கித் தேர்வும் வேண்டாம், பூமியைப் பற்றி ஏதாவது படிக்கலாம் என்று நினைப்பவர் முன்னால் மூன்று எம்.எஸ்ஸி. படிப்புகள் இருக்கின்றன: வானிலையியல், கடலியல், சுற்றுச்சூழல் அறிவியல். நான் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வானிலையியல் எடுத்தேன். விடுதியில் அறையைப் பகிர்ந்துகொண்டவர் கடலியல். பள்ளித் தோழி ஒருவர் சென்னையில் சுற்றுச்சூழல் அறிவியல் படித்தார். நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இதிலேயே தெரிந்திருக்கும். மறைக்கப் போவதில்லை.

எல்லோரும் சொல்வதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். வகைக்கெழுச் சமன்பாட்டைக் கண்டால் ஓடுகிறவர்களுக்கு முதல் இரண்டும் ஆகாது. சுற்றுச்சூழல் அறிவியல் பல கல்லூரிகளில் கிடைக்கும். வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கும் கதவு திறந்திருக்கும். வானிலைக்கும் கடலுக்கும் கொச்சி, விசாகப்பட்டினத்து ஆந்திரப் பல்கலைக்கழகம் என்று ஊர் மாறிப் போகத் தயாராக இருக்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடத்தும் கடல் உயிரியல் மையம் பெயர்பெற்றதுதான். ஆனால் அது மீனையும் மிதவை உயிரிகளையும் படிக்க விரும்புகிறவர்களுக்கானது, இந்தக் கணக்கில் வராது.

சேர வருகிறவர்கள் அத்தனை பேரும் கேட்கும் கேள்வி “வேலை கிடைக்குமா?” என்பதுதான். அதற்கு முன்பு கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: உங்கள் ஆய்வேட்டுக்குத் தரவு எங்கிருந்து வரும்? இரண்டாம் ஆண்டின் பெரும்பகுதி அந்த ஆய்வேட்டில்தான் போகிறது. அதில் கைக்கு வரும் திறமைதான் பிறகு சோறு போடுகிறது. மூன்று படிப்புகளும் உண்மையில் பிரிகிற இடம் இதுவே என்பது என் கட்சி.

வானிலையியல் மாணவருக்குத் தரவுப் பஞ்சம் கிடையாது. நம் நேரப்படி காலை 5.30-க்கும் மாலை 5.30-க்குமான அளவீடாக, மீனம்பாக்கத்திலிருந்து ஒரு பலூன் கருவியைத் தூக்கிக்கொண்டு மேலேறுகிறது. வெப்பநிலை, ஈரப்பதம், காற்று என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போய், 30 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி எங்கோ வெடிக்கிறது. அதே வேளைக்கு உலகமெங்கும் இப்படிப் பலூன்கள் ஏறுகின்றன; ஒரு நாட்டின் அளவீடு மற்ற நாடுகளுக்கும் போய்ச் சேருகிறது. இவற்றோடு செயற்கைக்கோள், விமானம், தரைநிலையம், கப்பல் என எல்லா அளவீடுகளையும் ஒரு கணினி மாதிரியில் ஊட்டி, ஐரோப்பிய வானிலை மையம் இஆர்ஏ-5 என்ற தொகுப்பை வெளியிட்டிருக்கிறது. 1940 முதல் இன்றுவரை, மணிக்கு மணி, உலகம் முழுவதற்கும், இலவசமாக. புனேயில் வானிலை ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானி எந்தக் கோப்பைத் திறக்கிறாரோ அதையே கடன் வாங்கிய மடிக்கணினியில் ஒரு மாணவரும் திறக்கலாம். 2018-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது மேலடுக்குக் காற்று எப்படி இருந்தது என்று பார்க்க யாரிடமும் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியதில்லை.

இதன் பக்கவிளைவு, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நிரல் எழுதப் பழகிவிடுவீர்கள். பைத்தான், கொஞ்சம் ஃபோர்ட்ரான், லினக்ஸ், பல ஜிகாபைட் கோப்புகளோடு மல்லுக்கட்டுதல். பாடத்திட்டத்தில் இதற்கு இருக்கும் இடம் சிறியது, வாழ்க்கையில் பெரியது. காற்றாலை மின் உற்பத்தியை முன்கூட்டிக் கணிக்கும் நிறுவனங்களும் பயிர்க் காப்பீட்டுக்கு மழைக்கணக்குப் பார்க்கும் நிறுவனங்களும் கேட்பது இந்தத் திறமையைத்தான். இன்னொன்றும் உண்டு: நாளைக்கு மழை என்று சொன்னால், சரியா தவறா என்பது நாளைக்கே தெரிந்துவிடும். தன் விடையை இவ்வளவு சீக்கிரம் சரிபார்த்துக்கொள்ளும் வாய்ப்பு மற்ற அறிவியல்களில் அரிது.

கடலியலில் நிலைமை வேறு. கடலுக்குள் ரேடியோ அலை போகாது. ஆகவே செயற்கைக்கோளால் மேற்பரப்பைத்தான் பார்க்க முடியும். உள்ளே நடப்பதை அறியக் கருவியை இறக்க வேண்டும். கருவியை இறக்கக் கப்பல் வேண்டும். சாகர் நிதி, சாகர் கன்யா போன்ற ஆய்வுக் கப்பல்களில் இடம் கிடைப்பது பெரிய திட்டங்களுக்கே போட்டியான காரியம், எம்.எஸ்ஸி. மாணவர் கடைசி வரிசையில் நிற்பவர். அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தவை ஆர்கோ மிதவைகள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து திரிகின்றன. பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து வெப்பநிலையும் உப்புத்தன்மையும் அளந்துகொண்டே மேலே வந்து, செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி மூழ்குகின்றன. இந்தத் தரவும் இலவசம். இந்தியாவில் ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இதைக் கையாளுகிறது.

ஆனால் மிதவைக்கு ஆழம் வேண்டுமே! பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம். அங்கே ஆர்கோ எட்டிப்பார்க்காது. கடல்மட்டத்தை அளக்கும் செயற்கைக்கோள் உயரமானியும் கரையை நெருங்க நெருங்கத் தடுமாறும். அரபிக்கடலின் நடுவே 800 மீட்டர் ஆழத்தில் என்ன உப்பு என்பதைக் கொச்சி விடுதியில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். இராமேசுவரம் மீனவர் தினமும் படகு ஓட்டும் நீரைப் பற்றிச் சொல்லப் படகேறித்தான் ஆக வேண்டும். என் அறைத்தோழருக்கு இதுவே கடலியலின் கவர்ச்சி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது: அளக்கப்படாதது நிறைய மிச்சமிருக்கும் துறையில் புதிதாகச் சொல்ல இடமும் நிறைய. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கடல்மயக்கம் என்ற அற்பக் காரணமும் உண்டு.

சுற்றுச்சூழல் அறிவியலில் நான் வேலை பார்த்ததில்லை. தோழி வழியாகவும் சில கருத்தரங்குகள் வழியாகவும் அறிந்ததை மட்டும் சொல்கிறேன். அங்கே தரவை நீங்களே உண்டாக்க வேண்டும். ஏரிக்கோ ஆற்றுக்கோ போய்ப் பாட்டிலில் நீர் எடுத்து, கெடாமல் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து நீரின் மாசைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையைக் கணக்கிட்டு, கன உலோகம் பார்க்கும் கருவிக்கு ரேஷன் கடை வரிசைபோலக் காத்திருந்து, கடைசியில் கையில் மிஞ்சுவது ஒரு பருவத்து எண்கள். அவை முழுக்க உங்களுடையவை, அதில் ஒரு பெருமிதம் இருக்கும். ஆனால் அந்த ஏரி மோசமாகிக்கொண்டு வருகிறதா என்ற கேள்விக்கு ஒரு பருவத்து எண்களால் பதில் சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால் சந்தைக்கு அந்த ஒரு பருவமே போதும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, திட்டங்களுக்கு அனுமதி கோருகிறவர்களிடம் பொதுவாகக் கேட்பது மழைக்காலம் நீங்கலான ஒரு பருவத்தின் அடிப்படைத் தரவைத்தான். அதைத் திரட்டித் தரும் ஆலோசனை நிறுவனங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. பங்குச்சந்தையில் முன்னணியில் உள்ள 1,000 நிறுவனங்கள் நீடித்த வளர்ச்சி அறிக்கை தர வேண்டும் என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கட்டாயமாக்கிய பிறகு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. படிப்பு முடிந்த கையோடு தனியார் வேலை என்று பார்த்தால் மூன்றில் முந்துவது இதுதான் என்றே நினைக்கிறேன். சம்பளம் எப்படி ஏறும் என்பது பற்றி உறுதியாகப் பேசும் அனுபவம் எனக்கு இல்லை.

என் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கு எம்.எஸ்ஸி. வானிலையியல் தேவையே இல்லை. 2022-இல் 990 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது இயற்பியல் அடங்கிய பட்டமோ கணினி அறிவியலோ மின்னணுவியல் பட்டயமோ போதும் என்றார்கள். பயிற்சியைத் துறையே கொடுத்துக்கொள்கிறது. அதுபோன்ற அறிவிப்புகள் ஆண்டுதோறும் வருவதும் இல்லை. அந்த வேலை மட்டுமே குறி என்றால் இரண்டு ஆண்டுகளைச் செலவிடாமல் நேரே தேர்வுக்குப் படிப்பது புத்திசாலித்தனம்.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு முதல் இரண்டுக்கும் இடையிலான சுவர் மெல்லியது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி, வளிமண்டலம், கடல், கோள்கள் எல்லாம் ஒரே தாள். கேட் தேர்விலும் வளிமண்டலமும் கடலும் ஒரே பிரிவு. சமன்பாடுகளும் பெரும்பாலும் அவையேதான், பாய்மம் மட்டும் மாறுகிறது. குமரிக் கடற்கரையில் காற்றே இல்லாத நாளில் திடீரென ஏறிவரும் பேரலைகளான கள்ளக்கடலுக்குக் காரணம் தெற்கே வெகுதொலைவில் சில நாள்களுக்கு முன் அடித்த புயற்காற்று. புயல் வலுப்பெறுவதோ கடலின் மேலடுக்கில் தேங்கிய வெப்பத்தால். வானிலையில் எம்.எஸ்ஸி. முடித்துக் கடலில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் உண்டு, மறுதிசையிலும் உண்டு. சுற்றுச்சூழல் அறிவியலிலிருந்து இந்தப் பக்கம் வருவது கணிதத்தால் கடினம். இங்கிருந்து காற்று மாசு ஆய்வுக்குப் போவது எளிது. எதிலும் இன்னும் உறுதிப்படாதவர்களுக்கு நான் வானிலையைச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

சென்னையில் இருப்பவர்கள் வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். கடல் தொழில்நுட்ப நிறுவனம், காற்றாற்றல் நிறுவனம், 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் மூன்றும் அந்த ஒரே பகுதியில்தான் இருக்கின்றன.

எந்தத் துறைக்கு விண்ணப்பித்தாலும், கடந்த இரண்டு மூன்று ஆண்டு எம்.எஸ்ஸி. ஆய்வேடுகளின் தலைப்புப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கடலியல் என்றால், மாணவர்கள் கடைசியாக எப்போது கப்பலேறினார்கள் என்றும் கேளுங்கள். சுற்றுச்சூழல் என்றால், ஆய்வகக் கருவிகளில் எத்தனை இப்போது ஓடுகின்றன என்று ஆசிரியரிடம் கேட்காமல் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள்.