திட்டமிடல் ஸ்கேன்: சேவை நன்று, முன்னறிவிப்பு போதாது

அக்காவுக்கு இடது மார்பகத்தில் இருந்த கட்டியை அகற்றிய ஏழாவது வாரத்தில், கதிரியக்கச் சிகிச்சையைத் திட்டமிடுவதற்கான சி.டி. ஸ்கேனுக்காகச் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றிருந்தேன். ஸ்கேன் எடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு எங்களைத் தயார்ப்படுத்தியதில்தான் குறை.

இது நோயைத் தேடும் ஸ்கேன் அன்று. சிகிச்சையின்போது எப்படிப் படுக்க வேண்டுமோ அப்படியே சாய்பலகையில் படுக்கவைத்து, சில மில்லிமீட்டர் இடைவெளியில் மார்பின் குறுக்குவெட்டுப் படங்களை எடுக்கிறார்கள். தழும்பின்மேல் ஒட்டிய மெல்லிய கம்பியும், கட்டி இருந்த இடத்தில் அறுவை மருத்துவர் விட்டுவைத்த சிறு உலோகக் கவ்விகளும் படத்தில் தெரிவதால், கதிர் பட வேண்டிய பகுதியையும் அது படக்கூடாத இதயம், நுரையீரல் ஆகியவற்றின் எல்லையையும் மருத்துவர் படம் படமாக வரைந்துகொள்ள முடிகிறது.

இடப்பக்கம் என்பதால் மூச்சுதான் முக்கியம். ஆழ இழுத்து அடக்கும்போது நுரையீரல் விரிந்து, இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகுகிறது. இதயத்துக்குச் செல்லும் சராசரிக் கதிரளவு ஒரு கிரே (உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு) கூடினால், பின்னாளில் பெரிய இதயக் கோளாறு வரும் வாய்ப்பு சுமார் 7.4 விழுக்காடு உயர்வதாக 2013இல் வெளியான ஆய்வொன்று கண்டது. இவ்வளவு கனமான ஒரு செயலுக்கான கட்டளைகள் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் வந்தன. அக்கா புரிந்துகொள்வதற்குள் இருமுறை மூச்சை விட்டுவிட்டார். பிறகு ஒரு தமிழ்ப் பெண் ஊழியர் வந்து, "இழுங்கம்மா, அப்படியே பிடிங்க, இப்ப விடுங்க" என்று சொல்லிப் பழக்கியதும் மூன்றாம் முறை சரியாக வந்தது. அவருக்கு என் நன்றி.

கைகளைத் தலைக்கு மேல் தூக்கி அரை மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும் என்பதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தோள் இறுகியிருந்த அக்கா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார். முன்பே தெரிந்திருந்தால் பயிற்சி செய்து வந்திருப்பாரே!

கடைசியாக, ஊசிமுனை அளவில் மூன்று புள்ளிகளைப் பச்சை குத்தினார்கள். தினமும் உடலை அதே இடத்தில் பொருத்த அவைதாம் அடையாளம். அக்கா தயங்கவில்லை. எங்கள் பாட்டி முழங்கை வரை பச்சை குத்தியிருந்தவர்.

திட்டம் தயாராகப் பத்து நாள் ஆனது. 15 அமர்வுகளில் 40 கிரே என்று முடிவாயிற்று. ஊழியர்களுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், தேதியும் நேரமும் மட்டும் இருந்த அந்த அழைப்புக் கடிதத்துக்கு ஒன்று. மூச்சுப் பயிற்சியையும் தோள் பயிற்சியையும் விளக்கும் ஒரு பக்கத் தமிழ்த் தாளை அதனுடன் இணைத்தாலே போதும், மதிப்பெண்ணைத் திருத்திவிடுவேன்.