ரெண்டு பாகக் கோட்டிங்: சம்ப்புக்குச் சரி, ஓதச் சுவருக்கு?

கும்பகோணமோ மன்னார்குடியோ, பெயின்ட் கடையில் போய் "சுவர்ல ஓதம் ஏறுது" என்று சொன்னால் எடுத்து வைப்பது பெரும்பாலும் ஒரே சரக்குதான்: ஒரு பை தூள், கூடவே ஒரு கேனில் பால்போன்ற திரவம். அக்ரிலிக் பாலிமர் சேர்த்த சிமென்ட் கோட்டிங். பிடிஃபின் 2கே பலருக்கும் தெரிந்த பெயர், மற்ற கம்பெனிகளும் இதே வகையில் போடுகிறார்கள். சரக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சம்ப், பாத்ரூம் தரை, மண் அணைந்து நிற்கும் பேஸ்மட்டத்தின் வெளிப்பக்கம் ஆகியவற்றுக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுக்கலாம். கீழிருந்து ஓதம் ஏறும் சுவரின் உள்பக்கத்துக்கு இரண்டுதான்.

காரணம், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான். சம்ப்பில் தண்ணீர் கோட்டிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. ஓதச் சுவரில் பின்னாலிருந்து தள்ளுகிறது. நம் பக்கத்துக் களிமண் குடித்த தண்ணீரை லேசில் விடாது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடினாலே கிணற்று மட்டம் உயரும், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் மேலே வரும். டிபிசி, அதாவது ஓதம் மேலே ஏறாமல் அடிமட்டத்தில் போடும் தடுப்பு அடுக்கு, இல்லாத பழைய வீட்டில் செங்கல் அந்த ஈரத்தை உறிஞ்சி ஏற்றிக்கொண்டே இருக்கும். உள்பக்கம் மூன்றடிக்குக் கோட்டிங் அடித்து அடைத்தால் ஈரம் நின்றுவிடாது, காய வழியில்லாமல் நாலடிக்கு ஏறி அங்கே பொரிக்கும். மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டுவதிலும் இதே கதைதான். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்பும் சேர்ந்துகொள்ளும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையே தள்ளி உதிர்த்துவிடும்.

அதனால் வாங்குமுன் சுவரைப் பாருங்கள். எல்லாச் சுவரிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் கறை என்றால் தரை ஓதம். பாத்ரூமுக்குப் பின்சுவரில் மட்டும் திட்டாக இருந்தால் பைப் கசிவு. சந்தேகமிருந்தால் இரண்டடிச் சதுரத்தில் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் வியர்த்தால் காற்றோட்டம்தான் பிரச்சினை, கோட்டிங் தேவையே இல்லை.

அடிப்பதென்று முடிவானால், பழைய பட்டி மேல் அடிக்கவே கூடாது. கறைக்கு மேல் ஓரடிவரை பூச்சைக் கொத்தி, செங்கல் மூட்டுகளை அரை அங்குலம் சுரண்டி, கம்பி பிரஷால் உப்பைத் தேய்த்துத் தள்ள வேண்டும். சுவரை நனைத்து, மேலே நீர் நிற்காத பதத்தில் முதல் கோட். கலவை விகிதம் பையில் போட்டிருக்கும், எடைபோட்டே கலக்க வேண்டும். கொத்தனார்கள் கண்ணளவில் தண்ணீர் ஊற்றி இளக்குவதுதான் இந்தச் சரக்கு தோற்பதற்குப் பெரிய காரணம். அரை மணிக்குள் தீர்க்கும் அளவுக்கே கலக்கவும். முதல் கோட் காய்ந்தபின் குறுக்குவாட்டில் இரண்டாவது. அது ஈரமாக இருக்கும்போதே ஆற்று மணலை வீசிவிட்டால்தான் மேல் பூச்சு பிடிக்கும். மேல் பூச்சு ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நாலு பங்கு மணல். அதில் எல்டபிள்யூ பிளஸ் என்ற நீர்த்தடுப்புத் திரவம் சேர்ப்பதானால் 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 200 மில்லி, கூட ஊற்றினால் நல்லது என்பது வீண் நம்பிக்கை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஓட்டு வீடுகளில் இந்தக் கோட்டிங்கைத் தொடவே வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சே மூச்சு விடும், அதையே திரும்பப் பூசுங்கள்.

தரை ஓதத்துக்கு உண்மையில் கேட்க வேண்டியது சிலேன் கிரீம் இன்ஜெக்‌ஷன், அதாவது சுவரில் துளை போட்டு நீர் ஒட்டாத கிரீமை நிரப்புவது. தரைக்கு அரை அடி மேலே, அடிமட்டக் கலவை மூட்டில் 12 மில்லிமீட்டர் துளைகளை 12 சென்டிமீட்டருக்கு மிகாத இடைவெளியில் போட்டு, தூசி ஊதி, கிரீமை நிரப்புவார்கள். துளை சுவரின் முழுக் கனத்தையும் ஏறக்குறைய எட்ட வேண்டும். ஒன்பது அங்குலச் சுவரில் நாலு அங்குலத்தோடு நிறுத்தும் ஆட்கள் உண்டு, டிரில் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். அதன்பின் சுவர் காய, கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கணக்கு வையுங்கள். அதுவரை பட்டி, எமல்ஷன் எதுவும் வேண்டாம்.

வெளியே கவனிக்காமல் இதில் எதைச் செய்தாலும் காசு வீண். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துபோன தெருக்களில் மழைநீர் வீட்டுப் பக்கம்தான் திரும்பும். சுவரை ஒட்டிக் கொட்டிய மண்ணை, டிபிசி மட்டத்துக்கு அரை அடி கீழே இருக்கும்படி அள்ளிவிட்டு, இரண்டரை அடி அகலத்துக்கு, அடிக்குக் கால் அங்குலம் வெளிவாட்டம் வைத்துத் தளம் போடுங்கள்.

வேலையைச் சித்திரை, வைகாசியில் வையுங்கள். ஒப்பந்தக்காரர் கியாரண்டி தந்தால், கோட்டிங் மட்டுமா, துளையும் சேர்த்தா, எந்தச் சுவர், எத்தனை அடி உயரம் என்பதை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.