சீலிங் போடுகிறவரே லைட்டும் தருகிறாரா? மீட்டரைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

ஃபால்ஸ் சீலிங் வேலையையும் லைட்டையும் ஒரே ஆளிடம் ‘பேக்கேஜ்’ என்று விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கோவையில் எங்கள் வீட்டுக்கு ஜிப்சம் சீலிங் போட்ட கான்ட்ராக்டர் எஸ்டிமேட்டில் எழுதியது: ‘12 வாட் எல்இடி டவுன்லைட், 22 எண்ணம், பிராண்டட், 2 வருஷம் கேரண்டி’. எந்த பிராண்ட் என்று எழுதவில்லை. கேட்டதற்கு, “நாம எப்பவும் போடறதுதாங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றார்.

மாட்டி முடித்ததும் வெளிச்சம் ஏனோ சோகையாக இருந்தது. ஃபிரிட்ஜ், மோடம் எல்லாவற்றையும் அணைத்து, அந்த 22 லைட்டை மட்டும் போட்டுவிட்டு ஈபி மீட்டர் முன் நின்றேன். எங்கள் மீட்டரில் சிவப்பு விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் (உங்கள் மீட்டரின் கணக்கு அதன் முகப்பிலேயே அச்சடித்திருக்கும்). நிஜமாகவே 12 வாட் என்றால் நிமிடத்துக்கு 14 தடவை சிமிட்ட வேண்டும். சிமிட்டியது 8. ஆக, ஒரு லைட்டுக்கு 7 வாட்கூட முழுசாக இல்லை. பணம் மட்டும் 12 வாட்டுக்கு.

அப்புறம் ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வந்தபோது ஒவ்வொன்றாகத் துடிக்க ஆரம்பித்தன. “வோல்டேஜ் பிரச்சினை சார், கேரண்டியில வராது.” அதோடு அவர் போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்.

ஒன்றைக் கீழே இழுத்துப் பார்த்தேன். இரண்டு ஸ்பிரிங் கிளிப், பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு டிரைவர் (கரண்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி). அதில் கம்பெனி பெயர் கிடையாது, எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பது கிடையாது, ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் 8 இலக்க பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் கிடையாது. அந்த எண் இருந்தால் ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் போட்டு யார் தயாரித்தது என்று பார்த்துவிடலாம். டவுன்லைட்டில் முதலில் போவது பெரும்பாலும் டிரைவர்தான். கடைக்காரர் பளபளவென்று காட்டும் முன்பக்கம் அல்ல.

சரி, கழற்றிவிட்டு வேறு மாட்டலாம் என்று போனால்தான் பெரிய வயிற்றெரிச்சல். இவர் சீலிங்கில் போட்ட ஓட்டை 125 மில்லிமீட்டர். கடையில் கிடைத்த நல்ல 12 வாட் லைட்டின் வெளிவட்டமே 120. உள்ளே விழுந்துவிடும்! கடைசியில் ஓட்டையைச் சுருக்கி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்க ஆன கூலி, புது லைட் விலையைத் தாண்டிவிட்டது.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். ஜிஎஸ்டி பில் தராததால் கையில் இருப்பது எஸ்டிமேட் தாளும் பணம் அனுப்பிய ரசீதும்தான்.

சீலிங் வேலை நடந்துகொண்டிருந்தால், லைட்டை நீங்களே பில்லோடு வாங்கி, பெட்டியில் போட்டிருக்கும் ‘கட்-அவுட்’ அளவை (சீலிங்கில் போட வேண்டிய ஓட்டையின் அளவு) ஓட்டை போடுகிற ஆளிடம் காட்டுங்கள். அதே மாடலில் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி வையுங்கள், மாடலை எப்போது நிறுத்துவார்கள் என்று தெரியாது. கான்ட்ராக்டர்தான் வாங்குவார் என்றால், பிராண்டும் மாடலும் எஸ்டிமேட்டில் ஏறட்டும். மீட்டரில் சிமிட்டலை எண்ணும் வரை கடைசித் தவணை உங்களிடமே இருக்கட்டும்.