கிரேடு 8 முடித்தால் கல்லூரி அட்மிஷனுக்கு உதவுமா? டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம், கர்நாடக வழி: ஓர் ஒப்பீட்டு அலசல்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று எந்த ஊரை எடுத்தாலும் ஆலயப் பாடகர் குழுவும் கீபோர்டு வகுப்பும் வயலின் வகுப்பும் இருக்கும். பிள்ளையைச் சேர்க்கிற அன்றே பெற்றோர் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "கிரேடு எட்டு வரைக்கும் போனா ஃபாரின் யுனிவர்சிட்டில பாயிண்ட் கிடைக்கும்." கிரேடு என்பது டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற இரண்டு பிரிட்டிஷ் அமைப்புகள் ஒன்று முதல் எட்டு வரை படிப்படியாக நடத்தும் இசைத் தேர்வு. பாயிண்ட் இருப்பது உண்மை. ஆனால் நம் மாவட்டத்துப் பிளஸ் டூ மாணவருக்கு அது கைக்கு வருமா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும்.

முதலில் அந்தப் பாயிண்ட் கணக்கு. பிரிட்டனில் இளநிலைப் படிப்புகளுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிக்கிறார்கள். அங்கே கிரேடு 6, 7, 8 மூன்றுக்கு மட்டும்தான் மதிப்புப் புள்ளி. கிரேடு 5 வரை எத்தனை சான்றிதழ் இருந்தாலும் பூஜ்யம். கருவி அல்லது குரல் தேர்வில் கிரேடு 6-க்கு பாஸ் 8, மெரிட் 10, டிஸ்டிங்ஷன் 12. கிரேடு 7-க்கு 12, 14, 16. கிரேடு 8-க்கு 18, 24, 30. தியரித் தேர்வுக்கு இதைவிடக் குறைவு. கிரேடு 8 தியரியில் டிஸ்டிங்ஷன் வாங்கினாலும் 10-தான். ஒரே கருவியில் 7-ம் 8-ம் இருந்தால் இரண்டையும் கூட்ட முடியாது, உயர்ந்தது மட்டுமே எடுபடும். ஏ லெவல் (பிரிட்டனின் பிளஸ் டூ நிலைத் தேர்வு) பாடம் ஒன்றில் சி வாங்கினால் 32 புள்ளி என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

சிக்கல் இனித்தான். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டப் பிளஸ் டூவுக்கோ சிபிஎஸ்இக்கோ யூகாஸ் புள்ளி கிடையாது. இந்திய மாணவர்களைப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண் சதவீதத்தையும் பாட மதிப்பெண்ணையும் பார்த்தே எடுக்கின்றன. 82 சதவீதத்தோடு 30 புள்ளியைக் கூட்ட எந்த வாய்ப்பாடும் இல்லை. இந்தப் பாயிண்ட் உண்மையில் பயன்படுவது ஏ லெவல் படிக்கும் பிள்ளைக்கு. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் மாவட்டத்துக் குடும்பங்களில், பிள்ளை அங்கே பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் படித்தால் அது பொருந்தும். அதிலும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்றவை பாட கிரேடுகளைத்தான் கேட்கின்றன, புள்ளிக் கூட்டுத்தொகையை அல்ல. போட்டி அதிகமான இடங்களில் பெரும்பாலும் இதே கதைதான்.

அமெரிக்காவில் புள்ளி என்ற ஏற்பாடே இல்லை. பல கல்லூரிகளுக்கு ஒன்றாக விண்ணப்பிக்கும் காமன் ஆப் படிவத்தில் 10 செயல்பாடுகள், 5 விருதுகள் எழுத இடம் உண்டு. கிரேடு 8 அங்கே ஒரு வரி. இசைப் பதிவை இணைப்பாகக் கேட்கும் கல்லூரிகளில் சான்றிதழை விட அந்தப் பதிவு ஆயிரம் மடங்கு பேசும்.

இசையே படிக்கப் போகிறவர் என்றால்

இங்கே கிரேடு நிஜமாகவே வேலை செய்கிறது. பிரிட்டனில் இசைப் பட்டப்படிப்புக்குப் பல பல்கலைக்கழகங்கள் ஏ லெவல் இசை இல்லாதவரிடம் கிரேடு 8-ஐயும், சில இடங்களில் தியரியையும் கேட்கின்றன. கன்சர்வேட்டரிகள் (வாசிப்பு, பாட்டுப் பயிற்சிக்கான தனி இசைக் கல்லூரிகள்) தனி, அங்கே ஆடிஷன்தான் தீர்ப்பு. அவற்றின் விண்ணப்பக் கெடு அக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிடும், வழக்கமான யூகாஸ் கெடுவான ஜனவரி வரை காத்திருந்தால் வண்டி போய்விடும்.

அப்படியானால் டிரினிட்டியா, ஏபிஆர்எஸ்எம்மா? புள்ளி மதிப்பில் இரண்டும் சமம். "ஏபிஆர்எஸ்எம்தான் ஒசத்தி" என்று சொல்பவர்கள் விண்ணப்ப மதிப்பை வைத்துச் சொல்லவில்லை. வேறுபாடு தேர்வின் அமைப்பில் இருக்கிறது.

ஏபிஆர்எஸ்எம் நேரடித் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு. மூன்று உருப்படிகளுக்குத் தலா 30, ஸ்கேல்களுக்கு (சுர வரிசைகள்) 21, பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதற்கு 21, செவிப்புலச் சோதனைக்கு 18. பாஸ் 100, மெரிட் 120, டிஸ்டிங்ஷன் 130. கிரேடு 6-க்கோ அதற்கு மேலோ பதிவு செய்ய வேண்டுமானால் முதலில் கிரேடு 5 தியரி முடித்திருக்க வேண்டும் (அதற்கு மாற்றான ஓரிரு தேர்வுகளும் உண்டு). நம் ஊரில் பிள்ளைகள் தடுக்கி நிற்கும் படி இதுதான். எட்டாம் வகுப்பில் கிரேடு 5 வாசித்து முடித்த பிள்ளை, தியரியைத் தள்ளிப்போட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்ததும் அப்படியே நின்றுவிடும். தியரி இணையவழித் தேர்வு, 75-க்கு 50 எடுத்தால் பாஸ். கிரேடு 4 வாசிக்கும்போதே வாரம் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்கினால் இந்தத் தடை வராது.

டிரினிட்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 100 மதிப்பெண்: உருப்படிகள் தலா 22, டெக்னிக்கல் பகுதி 14, துணைச் சோதனைகள் இரண்டுக்கும் சேர்த்து 20. பாஸ் 60, மெரிட் 75, டிஸ்டிங்ஷன் 87. இன்னொரு முக்கியமான வேறுபாடு கீபோர்டு. ஆலயங்களில் வாசிக்கும் 61 கட்டை கீபோர்டில் ரிதமும் டோனும் மாற்றி வாசித்துப் பழகிய பிள்ளைக்கு டிரினிட்டியில் எலக்ட்ரானிக் கீபோர்டு என்றே தனிப் பாடம், கிரேடு 8 வரை, அதே புள்ளியுடன் இருக்கிறது. ஏபிஆர்எஸ்எம்மில் அது இல்லை. அதே கீபோர்டில் பியானோ தேர்வு எழுத முடியாது. அதற்கு 88 கட்டையும், அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் விசையும், பெடலும் வேண்டும். பின்னாளில் பியானோவில் பட்டம் படிக்க நினைக்கும் பிள்ளையைக் கீபோர்டு கிரேடிலேயே எட்டு வரை கொண்டுபோவது தவறான வழி. கிரேடு 3 அளவிலேயே பியானோவுக்கு மாற்றிவிடுங்கள், விரல் பலம் வேறு.

2020-ல் வந்த வீடியோத் தேர்வு தெற்குக் கோடியில் இருக்கும் நமக்கு நல்ல வசதி. ஏபிஆர்எஸ்எம் பெர்ஃபார்மன்ஸ் கிரேடில் நான்கு உருப்படி, தலா 30, மொத்த நிகழ்த்துதலுக்கு 30. ஸ்கேலும் இல்லை, செவிச் சோதனையும் இல்லை, புள்ளி மட்டும் அதேதான். ஆனால் நான்கையும் ஒரே மூச்சில், இடையில் வெட்டாமல் பதிவு செய்ய வேண்டும். இங்கேதான் மதிப்பெண் கசிகிறது. செல்போன் மைக், சத்தம் கூடும்போது தானாகக் குறைத்து, மெல்லியதைத் தூக்கிவிடும். பிள்ளை மெலிதாகவும் ஓங்கியும் வாசித்தது பதிவில் ஒரே மட்டமாகிவிடும். "ஒலி வேறுபாடு போதவில்லை" என்று மதிப்பெண் போகும். அந்தத் தானியங்கிச் சரிசெய்தலை அணைக்க முடியும் செயலியோ, சிறிய வெளி மைக்கோ பயன்படுத்துங்கள். போனை ஸ்டாண்டில் வைத்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, கை, முகம், கருவி மூன்றும் தெரியும்படி, ஃபிளைட் மோடில் போடுங்கள். கன்னியாகுமரிக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. தகரக் கூரைக்குக் கீழே எடுத்த வயலின் பதிவைப் பரிசோதகரால் கேட்கவே முடியாது. கான்கிரீட் அறையில், திரைச்சீலையும் மெத்தையும் இருக்கும் இடத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு அதிகாலையில் எடுப்பது நல்லது. நேரடித் தேர்வோ வீடியோவோ, ஜெராக்ஸ் எடுத்த நோட்டை ஸ்டாண்டில் வைக்காதீர்கள். அசல் புத்தகம் வேண்டும்.

இந்தியாவுக்குள் என்றால் கணக்கே வேறு

பொறியியல் கலந்தாய்வு என்றால் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்கு மதிப்பிடுவார்கள். இசைக்கு அதில் இடமில்லை. மருத்துவத்துக்கு நீட் மட்டும். நம்மூர்க் கலை, அறிவியல் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்தான். இந்த மூன்றுக்காகக் கிரேடு தேர்வு எழுத வைப்பது வீண் செலவு என்பதில் சந்தேகமே வேண்டாம்.

கதவு திறக்கும் இடங்கள் இரண்டு சொல்லலாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் கலைத் திறனுக்கான தனி ஒதுக்கீட்டில் க்யூட் நுழைவுத்தேர்வு மதிப்பெண் 25 சதவீதமும், கலைத் திறன் 75 சதவீதமும் எடுத்துக்கொள்கிறார்கள். நேரில் வாசித்துக் காட்ட வேண்டும், இந்திய இசை, மேற்கத்திய இசை இரண்டும் உண்டு. சென்னை ஐஐடி 2025-26 முதல் நுண்கலைக்கென ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடம் வைத்திருக்கிறது, அதில் ஒன்று பெண்களுக்கு. ஜேஇஇ அட்வான்ஸ்டில் தகுதி பெற்றிருப்பது கட்டாயம். அதன்பின் எடைபோடப்படுவது தேசிய விருது, மத்திய அரசின் கலை உதவித்தொகை, ஆகாசவாணி கலைஞர்களுக்குத் தரும் தரநிலை போன்றவை.

இந்த இடத்தில் கர்நாடக வழி முந்திவிடுகிறது. மத்திய அரசின் கலாசார நிறுவனமான சிசிஆர்டி நடத்தும் கலைத்திறன் உதவித்தொகைக்கு 10 முதல் 14 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதாவது பிள்ளை ஏழாம், எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். பிளஸ் ஒன்னில் விசாரிக்க வருபவர்களுக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். கர்நாடக இசையையே பட்டமாகப் படிக்க நமக்கு மிக அருகில் இருப்பது திருவனந்தபுரத்தின் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி. காலையில் நாகர்கோவிலில் ரயில் ஏறினால் போய்வரும் தூரம். தமிழ்நாட்டுக்குள் என்றால் மதுரையிலும் திருவையாறிலும் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. அரசுப் பள்ளி இசை ஆசிரியர் வேலையைக் குறிவைப்பவர் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் இசைத் தேர்வுகளைப் பார்க்க வேண்டும்; அங்கே டிரினிட்டி சான்றிதழைக் காட்டிப் பயனில்லை.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். கிரேடு 8-க்கு மட்டும் அதிகாரபூர்வமாகக் குறிக்கப்பட்ட மொத்தக் கற்றல் நேரம் 320 மணி, கிரேடு 7-க்கு 270. தினம் ஒரு மணி நேரம் என்றால் எட்டுக்கே பத்தரை மாதம். அதனால் கிரேடு 8-ஐப் பதினொன்றாம் வகுப்புத் தொடங்கும் முன் முடிப்பது, முடியாவிட்டால் பிளஸ் டூ முடிந்தபின் எழுதுவது. இடையில் திணிப்பது இரண்டையும் கெடுக்கும். அவசரமாக 18 புள்ளி பாஸ் வாங்குவதைவிட, கிரேடு 7-ஐ நன்றாக வாசித்து 16 வாங்குவது ஆடிஷனுக்குப் போகும் பிள்ளைக்கு அதிகம் உதவும்.

பதிவு செய்யும்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே கொடுங்கள். இனிஷியலை விரிக்காமல் ஒரு சான்றிதழ், அப்பா பெயரோடு இன்னொன்று என்று இருந்தால் பல்கலைக்கழகம் விளக்கக் கடிதம் கேட்கும். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால், கிரேடு 6-க்குப் பணம் கட்டும் முன் அதை முதலில் எடுத்துவிடுங்கள்.