பார்சல் சிக்கலுக்கு உதவி என்று வருகிறவர்களிடம் கவனம்: எனக்குப் போனது 2,340 ரிங்கிட்

2,340 ரிங்கிட். இந்த வாரம் என் கணக்கிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே ஆள் இன்றைக்கும் வேறு யாரோ ஒரு அக்காவிடம் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருப்பான்.

நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். மகளுக்கு அடுத்த மாதம் அரங்கேற்றம். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், ஜடை நாகம், சலங்கை எல்லாம் மயிலாப்பூரில் வாங்கி என் அண்ணி சென்னையிலிருந்து தபாலில் அனுப்பினார். எல்லாம் முலாம் பூசிய செட் நகைதான். 4,000 ரூபாய் என்று பில்லும் உள்ளே வைத்திருந்தார். பார்சல் கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) வந்து சேர்ந்ததாக இணையத்தில் காட்டியது, அதோடு சரி. ஒரு வாரம் தாண்டியும் அந்த நிலை மாறவே இல்லை. வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்தால் பாட்டுதான் ஓடியது.

அப்போதுதான் ஊரே பயன்படுத்தும் ஒரு சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் விளம்பரமாக என் முன்னால் வந்தது. 'பார்சல் தாமதமா? உங்கள் பார்சல் எண்ணையும் போன் எண்ணையும் பதிவிடுங்கள், நாங்கள் உதவுகிறோம்' என்று தமிழிலேயே. தபால் வண்டியின் படம், சிவப்பு எழுத்து, கீழே நன்றி சொல்லி வரிசையாகக் கருத்துகள். நானும் இரண்டையும் பதிவிட்டேன். சற்று நேரத்தில் வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது.

அந்தப் பையனின் குரலை மறக்க முடியாது. அவ்வளவு பணிவு. "அக்கா, உங்க பார்சல் இந்தியாவிலேர்ந்து வருதுதானே? கேஎல்ஐஏ வந்திருச்சி, அங்கதான் நிக்கிது. கவலப்படாதீங்கலா, நான் பாத்துக்கிறேன்." தேதியைச் சரியாகச் சொன்னான். நம் ஊர்ப் பேச்சு, நம் பிள்ளை, பார்சலைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது. இதற்கு மேல் யார் என்ன சான்று கேட்பார்கள்? அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பது இப்போது புரிகிறது. வெளிநாட்டுத் தபாலின் எண் முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டுக்கு இரண்டு எழுத்து என்றுதான் அமையும். 'ஐஎன்' என்று முடிந்தால் இந்தியா. அந்த எண் கையில் இருந்தால் பார்சல் எங்கே இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

முதலில் 48 ரிங்கிட், கிளியரன்ஸ் என்றான். கட்டினேன். மறுநாள் காலை 392 ரிங்கிட், பார்சல் தேங்கிக் கிடந்த வாடகை. பணம் அனுப்பும்போது திரையில் ஒரு தனியாளின் பெயர் வந்தது. கேட்டேன். "அது எங்க ஏஜென்ட் அக்கவுண்ட் அக்கா, எல்லாருக்கும் இதுதான்" என்றான். அன்று மாலையே குரல் மாறியது. ஸ்கேனில் தங்கம் மாதிரி தெரிகிறதாம். பித்தளையா தங்கமா என்று சோதிக்க வேண்டுமாம். அதற்கு 1,900 ரிங்கிட் முன்பணம், சோதனை முடிந்ததும் அப்படியே திரும்ப வந்துவிடுமாம். கட்டாவிட்டால் பொய் மதிப்பு எழுதியதாக அண்ணி பெயரில் வழக்கு. சுங்கத் துறையின் முத்திரையோடு ஒரு கடிதமும் அனுப்பினான். மலாயில் அலுவலக நடை, கையெழுத்து, சாய்வாகக் குத்திய ஊதா ரப்பர் ஸ்டாம்ப், அதில் மை லேசாக இழுத்த தடம் வரை எல்லாம் இருந்தது. அந்தத் தாளைச் செய்தவன் எத்தனை பேரை ஏமாற்றிப் பழகியிருக்க வேண்டும்!

சேர்த்துப் பாருங்கள், 2,340 ரிங்கிட்.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. "சிஸ்டம் டவுன் அக்கா." "பாஸ் மீட்டிங்ல இருக்காரு." "நாளைக்குக் காலையில மொத வேலையா." பிறகு நீல டிக் விழும், பதில் வராது. பிறகு நீல டிக்கும் விழவில்லை.

வெள்ளிக்கிழமை தபால்காரர் வாசலில் வந்து நிற்கிறார், கையில் அதே பார்சல். கையெழுத்து மட்டும் கேட்டார். வரி ஏதும் கட்ட வேண்டுமா என்று கேட்டேன். "தக் அடா, காக்" (ஒன்றும் இல்லை, அக்கா) என்று சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரும் அதைப் பிடித்து வைக்கவில்லை. வழக்கமான தாமதம், அவ்வளவுதான். அந்தத் தாமதத்தை வைத்துத்தான் 2,340 ரிங்கிட்டைக் கறந்திருக்கிறார்கள்.

உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைத்தேன், போலீஸ் ரிப்போர்ட்டும் செய்தேன். ரிப்போர்ட் எழுதிய அதிகாரி பொறுமையாகக் கேட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வங்கியில் கேட்ட பதில்தான் வயிற்றெரிச்சல்: "நீங்களே அனுமதித்த பரிவர்த்தனை." மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் காவல் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே அதன்மேல் ரிப்போர்ட்டுகள் இருக்கின்றன! பிறகு எப்படி அந்தக் கணக்கு பணம் வாங்கிக்கொண்டே இருக்கிறது? ஏன் பணம் அனுப்பினாய் என்று என்னைக் கேள்வி கேட்பவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

அந்த வலைத்தளத்திலும் பக்கத்தைப் பற்றிப் புகார் செய்தேன். 'எங்கள் விதிகளை மீறவில்லை' என்று பதில் வந்தது. விளம்பரத்துக்குக் காசு வாங்கத் தெரிகிறது, யாரிடம் வாங்குகிறோம் என்று பார்க்கத் தெரியவில்லை. நன்றி சொன்ன கருத்துகளைத் திறந்து பார்த்தால் எல்லாம் படமில்லாத புதுக் கணக்குகள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனம் வரவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பார்சல் எண்ணைப் பொதுவில் போடாதீர்கள். தபாலுக்கோ சுங்கத்துக்கோ உரிய பணம் தனியாள் கணக்குக்குப் போகாது. வரி உண்டு என்றால் அஞ்சலக முகப்பிலேயே கேட்டு, கட்டி, ரசீது வாங்குங்கள். முன்பணம், திரும்ப வரும் என்ற பேச்சு வந்தாலே போனை வையுங்கள். உண்மையிலேயே பார்சல் காணவில்லை என்றால் அனுப்பியவரை அந்த ஊர்த் தபால் நிலையத்தில் விசாரணை மனு கொடுக்கச் சொல்லுங்கள். அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், இழப்பீட்டு உரிமையும் அவருக்குத்தான். பணம் போய்விட்டால் வேறு எதையும் யோசிக்காமல் 997. ஒவ்வொரு நிமிடமும் பணம் அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

அந்தப் பக்கம் இன்று காலை பெயர் மாறிவிட்டது, அதே வண்டிப் படத்தோடு விளம்பரம் மட்டும் ஓடுகிறது. உங்கள் திரையிலும் வந்தால் கடந்துபோகாமல் புகார் பட்டனை அழுத்துங்கள். இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்து போய் ரிப்போர்ட் செய்யலாம்.