பேராசிரியர் எங்கே பேசலாம்: டிவி விவாதமா, பாடக் காணொளியா?

டிவி அழைப்பு வந்ததும் தயங்கும் பேராசிரியர்களுக்காக இது.

நேரம்: விவாதத்தில் நாலைந்து பேருக்கு நடுவே சில நிமிடங்கள்தான், இடையில் விளம்பரம் வேறு. காணொளியில் நிதானமாக விளக்கலாம்.

ஆயுள்: விவாதம் மறுநாளே பழசு. 2003இல் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் தொடங்கிய என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தின் காணொளிகளை மாணவர்கள் இன்றும் யூடியூபில் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

சென்றடைவது: இதில் டிவிதான் மேல். பாடத்தைத் தேடி வராதவரின் வீட்டுக்கே அது போகிறது. தூர்தர்ஷனின் 'டர்னிங் பாயின்ட்' நிகழ்ச்சியில் இயற்பியலாளர் யஷ்பால் அப்படித்தான் அறிவியலை வீடுகளுக்குக் கொண்டுபோனார். எவ்வளவு பெரிய சேவை அது!

சரி, எதைத் தேர்வது? புயல், தொற்றுநோய் போன்ற நேரத்தில் உங்கள் துறை சார்ந்த கேள்வி என்றால் அவசியம் டிவிக்குப் போங்கள். துறைக்கு வெளியே கருத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். முழுப் பாடம் நடத்தக் காணொளியே நல்லது.